ஸ்கோனுக்குத் தொட்டுக்க என்ன: ஜாமா, லெமன் கர்டா, க்ளாட்டட் க்ரீமா?

ஜூன் பிறந்தால் என்னிடம் வரும் கேள்வி இது: "சனிக்கிழமை ஆறு பேரை டீக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஸ்கோன் சுடலாம் என்று இருக்கிறேன். கூட என்ன வைப்பது? எதை நானே செய்வது, எதைக் கடையில் வாங்குவது?" ஸ்கோன் என்பது மாவும் வெண்ணெயும் பாலும் சேர்த்து ஓவனில் சுடும் சிறிய வட்டப் பன். கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கே இங்கிலாந்துக்கு வந்து ஓரிரு வருடமே ஆன நம்மவர்கள். பிள்ளையின் பள்ளித் தோழர்களின் பெற்றோரையோ பக்கத்து வீட்டாரையோ முதன்முறையாக வீட்டுக்கு அழைத்திருப்பார்கள். மெதுவடை வைத்தாலும் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். ஆனால் அவர்கள் ஊர்ப் பலகாரத்தை நம் கையால் செய்து பரிமாறுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரியும்.

நான் இருப்பது ப்ளிமத்தில், டெவனின் மேற்கு ஓரம். டேமர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கார்ன்வால். ஸ்கோன், ஜாம், க்ளாட்டட் க்ரீம் என்ற கெட்டி ஏடு, கெண்டி நிறைய டீ என்று சேர்ந்து வரும் 'க்ரீம் டீ' இந்த இரண்டு மாவட்டங்களின் சொத்து. பதினொரு வருடமாக இதைச் சுட்டும் சாப்பிட்டும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஸ்கோனை எல்லோரும் வீட்டில்தான் சுட வேண்டும். ஆனால் தொட்டுக்கொள்ள வைப்பது எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டியதில்லை. சிலது வீட்டில் செய்தால் கடைச் சரக்கு கிட்டவே வராது. சிலதற்கு நாம் படும் பாடு வீண்.

## முதலில் ஸ்கோன்

தொட்டுக்க எது என்று முடிவு செய்ய, ஸ்கோனின் குணம் தெரிய வேண்டும். அது ஒரு வேளைப் பண்டம். காலையில் சுட்டது மாலையில் சுமார், மறுநாள் கட்டி. கடை ஸ்கோன் பொட்டலத்துக்குள் நாட்கணக்கில் கிடந்து வருவதால்தான் ருசிப்பதில்லை.

நான் சுடும் அளவு: செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) 225 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், பால் 150 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. ஏழெட்டு ஸ்கோன் வரும். ஆறு பேர் என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். ஊரில் இருப்பவர்கள் 225 கிராம் மைதாவுக்கு இரண்டரை முதல் மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்துக்கொண்டால் போதும்.

வெண்ணெயை மாவில் விரல் நுனியால் பிசிற வேண்டும். புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பிறகு பாலை ஊற்றிக் கத்தியால் கலந்து, ஒன்றுசேர்ந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் ரப்பராகிவிடும். நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்ட வெட்டியை நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் சாய்ந்து எழும்பும். 220 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டு நிமிடம். நன்றாக வந்த ஸ்கோனின் இடுப்பில் ஒரு வெடிப்பு ஓடும். கத்தி வேண்டாம், அந்த வெடிப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பிரித்தால் ஆவி பறக்கத் தானாகவே இரண்டாகும்.

கவனியுங்கள், இதில் முட்டையும் இல்லை, இனிப்பும் சொற்பம். வெறும் ஸ்கோன் சப்பென்றுதான் இருக்கும். மேலே வைப்பதுதான் அதற்கு உயிர்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலாவது புளிப்பு. மாவும் வெண்ணெயும் நாக்கில் கனமாக உட்காரும், அதை வெட்டிவிட ஒரு புளிப்பு தேவை. பொங்கலுக்குக் கொத்சு மாதிரி. இரண்டாவது, வைத்த இடத்தில் நிற்கிறதா என்பது: நீர்த்துப்போனால் ஸ்கோன் ஊறிக் கூழாகும். மூன்றாவது, எத்தனை நாள் முன்னால் செய்து வைக்கலாம்? விருந்தன்று அடுப்படியில் ஸ்கோன் வேலை மட்டுமே இருக்க வேண்டும், அதனால் இது பெரிய விஷயம். நான்காவது, மிச்சம் என்ன ஆகும். ஐந்தாவதை நம் வீடுகளில் மறக்கவே கூடாது: முட்டை சாப்பிடாதவர் யாராவது வருகிறார்களா?

## ஸ்ட்ராபெர்ரி ஜாம்

க்ரீம் டீ என்றால் இங்கே யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஸ்ட்ராபெர்ரி ஜாம்தான். ஒரு கிலோ பழம், ஒரு கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு. ஒன்றரை கிலோவுக்கு மேல் ஜாம் கிடைக்கும். முந்தின இரவே பழத்தில் சர்க்கரையைத் தூவி மூடி வைத்தால் பழம் குழையாமல் முழுசாக நிற்கும்.

ஸ்ட்ராபெர்ரியில் ஒரு சிக்கல்: ஜாமைக் கெட்டிப்படுத்தும் பெக்டின் அதில் குறைவு. நன்றாகக் கனிந்த பழத்தில் இன்னும் குறைவு. எலுமிச்சைச் சாறு சேர்ப்பது ருசிக்கு மட்டுமில்லை, அந்தக் கொஞ்ச பெக்டினும் பிடிப்பதற்கு. இல்லையென்றால் பெக்டின் கலந்தே விற்கும் ஜாம் சர்க்கரையை வாங்கிக்கொள்ளலாம். 105 டிகிரி வந்தால் பதம் என்பார்கள். எனக்கு வெப்பமானியை விடத் தட்டில்தான் நம்பிக்கை. சிறு பீங்கான் தட்டை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். பதம் நெருங்குகிறது என்று தோன்றும்போது அடுப்பை அணைத்து, அரைக் கரண்டி ஜாமை அந்தத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளுங்கள். காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குவது போல மேற்பரப்பு சுருங்கினால் சரி. விரலுக்கு வழிவிட்டுத் தண்ணீராக ஓடினால் இன்னும் இரண்டு நிமிடக் கொதி. பாகு வைத்துப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையே இல்லை.

மறைமுகச் செலவு என்னவென்றால், ஒன்று பழம். பருவம் தாண்டிப் பெட்டி பெட்டியாக வாங்கிக் காய்ச்சினால் கடை ஜாமின் பல மடங்கு விலையாகும், ருசியும் இருக்காது. ஜூன், ஜூலையில் நாமே பறித்துக்கொள்ளும் பண்ணைகளுக்குப் போனால்தான் கட்டுப்படியாகும். இரண்டு, பாத்திரம். ஜாம் கொதிக்கும்போது பொங்கி எழும்பும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மூன்று, சர்க்கரை. "இவ்வளவா?" என்று பயந்து பாதியாகக் குறைப்பவர்கள் உண்டு. தாராளமாகக் குறையுங்கள், ஆனால் அது அலமாரியில் நிற்காது. ஜாமைக் கெடாமல் காப்பதே அந்தச் சர்க்கரைதான். குறைத்தால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்க்க வேண்டும். முழு அளவு போட்டுச் சூடான பாட்டிலில் அடைத்தால் ஒரு வருடம் நிற்கும்.

முதன்முறை ஜாம் காய்ச்சுகிறவர்களுக்கு நான் ஸ்ட்ராபெர்ரியைச் சொல்வதே இல்லை. ராஸ்பெர்ரியில் ஆரம்பியுங்கள். சீக்கிரம் கெட்டிப்படும், புளிப்பும் கூடுதல். க்ரீமுக்கு ராஸ்பெர்ரிதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஃப்ரீசர் பழத்திலும் நன்றாகவே வரும்.

## லெமன் கர்ட்

பெயரில் கர்ட் இருப்பதால் தயிர் என்று நினைத்துவிட வேண்டாம். எலுமிச்சைச் சாறு, துருவிய தோல், சர்க்கரை, வெண்ணெய், முட்டை சேர்த்து மெல்லிய சூட்டில் கிண்டி எடுக்கும் மஞ்சள் களி. நான்கு எலுமிச்சை, சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், மூன்று முட்டை, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு. இரண்டு சிறிய பாட்டில் நிறையும்.

முதல் அளவுகோலில் இதை அடிக்க ஆள் இல்லை. சூடான ஸ்கோனில் ஒரு கரண்டி வைத்துக் கடித்தால் முதலில் புளிப்பு, அப்புறம் வெண்ணெய், கடைசியில் தோலின் வாசம். அரை மணி நேர வேலைதான். கடைச் சரக்குக்கும் வீட்டுச் சரக்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிவது இதில்தான். விலை குறைந்த கடைப் பாட்டில்கள் பலவற்றில் ஸ்டார்ச் போட்டுக் கெட்டியாக்கியிருப்பார்கள். வெண்ணெயும் முட்டையும் தரும் வழவழப்பை ஸ்டார்ச் தராது, நாக்கில் மாவாக ஒட்டும்.

ஆனால் கிண்டும் பதினைந்து நிமிடமும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைக்க வேண்டும், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது, மஞ்சள் தண்ணீராகவே சுழலும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் முட்டை திரிந்து பொடிமாஸ் ஆகிவிடும். ஒருமுறை கதவு மணி அடித்தது என்று போய் வந்தேன்; அதற்குள் ஓரமெல்லாம் வெள்ளைத் துணுக்குகள். அப்போதிலிருந்து பக்கத்தில் வடிகட்டி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறேன். லேசாகத் திரிந்தால் வடிகட்டிக் காப்பாற்றிவிடலாம். கரண்டியின் முதுகில் பூசினாற்போல நின்று, விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம். ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் அடுப்பிலேயே அல்வாப் பதம் எதிர்பார்க்காதீர்கள்.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு. இங்கிலாந்துக் கடைகளில் சாதாரண எலுமிச்சைக்கு மெழுகு பூசியிருப்பார்கள். தோலைத் துருவப் போவதால் மெழுகு பூசாதது என்று எழுதியதைத் தேடி வாங்க வேண்டும், கொஞ்சம் விலை கூட. அலுமினியப் பாத்திரம் ஆகாது. புளிப்பு பட்டு உலோக வாடை ஏறும். ஒரு வெள்ளைக் கரு மிஞ்சும். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம்தான் ஆயுள், அதனால் நிறையச் செய்து சேமிக்கிற பொருள் இல்லை. முட்டை சாப்பிடாதவர் வந்தால் அவருக்கு இது கிடையாது. கண்ணால் பார்த்து முட்டை இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், பரிமாறும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது அவர்கள் பொறுப்பு என்று விட்டுவிடக் கூடாது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் எலுமிச்சை சிறியது, தோலும் மெல்லியது. ஆறேழு பழம் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை, மஞ்சள் மேல்தோலை மட்டும் துருவுங்கள், வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும்.

## க்ளாட்டட் க்ரீம்

இதைக் க்ரீம் என்பதை விட ஏடு என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடும். க்ரீமை அகலமான பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, அசைக்காமல் ஆறவிட்டு, மேலே திரளும் கெட்டி ஏட்டை எடுப்பது. மேலே பொன்னிறத்தில் ஒரு பொறுக்கு, அடியில் வெண்ணெய்க்கும் பாலாடைக்கும் நடுவான ஒரு பதம். குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருந்தால்தான் க்ளாட்டட் க்ரீம் என்று விற்கலாம். கார்னிஷ் க்ளாட்டட் க்ரீமுக்கு 1998 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புப் பெயரும் உண்டு.

புளிப்பு அறவே கிடையாது, அதனால் தனியாக நிற்காது. ஜாமோ கர்டோ துணை வேண்டும். ஆனால் அந்தத் துணையோடு சேர்ந்தால் இதற்கு ஈடான ஒன்றை நான் ருசித்ததில்லை.

வீட்டில் செய்யலாமா? செய்யலாம். 48 சதவீதம் கொழுப்புள்ள டபுள் க்ரீமைப் பரந்த தட்டில் ஊற்றி, ஓவனில் 80 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம், பிறகு ஃப்ரிட்ஜில் எட்டு மணி நேரம். கணக்குப் பாருங்கள்: இரவு முழுக்க ஓவன் ஓடும் மின்சாரம், எட்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ் தட்டில் பாதி இடம், ஊற்றிய க்ரீமில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் ஏடு. பல வீட்டு ஓவன்கள் 80 டிகிரியில் நிலையாக நிற்பதும் இல்லை. என் பழைய ஓவனில் வைத்தபோது விடிகாலையில் எழுந்து பார்த்தால் க்ரீம் கொதித்து நெய் பிரிந்திருந்தது. அடுத்த முறை நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஸ்கோன் சாப்பிட்டவர்கள் யாரும் அதைக் கடை க்ரீமிலிருந்து பிரித்துச் சொல்லவில்லை. ஒரு லாபம் மட்டும் உண்டு: ஏட்டின் அடியில் தங்கும் பாலை ஸ்கோன் மாவில் ஊற்றினால் அன்றைய ஸ்கோன் தனி ருசி.

இங்கிலாந்தில் இருந்தால் 227 கிராம் டப்பா ஒன்றை வாங்குங்கள், ஆறு பேருக்குப் போதும். திறந்தால் மூன்று நாளில் தீர்க்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டு பேருக்குப் பெரிய டப்பா வாங்கி மிச்சத்தைக் கொட்டியவர்கள் நிறைய.

சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால் கதை வேறு. அட்டைப் பெட்டியில் வரும் 25 சதவீதக் க்ரீம் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இப்படித் திரளாது. எருமைப் பால் கிடைத்தால் மெல்லிய தீயில் காய்ச்சி, ஆறவிட்டு, ஏட்டை நாலு நாள் ஃப்ரிட்ஜில் சேர்த்து லேசாக அடித்துப் பாருங்கள். ருசி பக்கத்தில் வரும், அந்தக் கெட்டி வராது. ஜாம் அதன் மேல் நிற்காமல் வழியும். அங்கே இருப்பவர்கள் க்ரீமை மறந்துவிட்டு லெமன் கர்ட் செய்யுங்கள் என்பேன். போலிக்கு மெனக்கெடுவதை விட நல்ல அசல் ஒன்று மேல்.

## மற்றவை சுருக்கமாக

மார்மலேட் நல்ல பொருள்தான், ஆனால் அது காலை டோஸ்ட்டுக்கு உரியது. கசப்பான செவில் ஆரஞ்சு ஜனவரி, பிப்ரவரியில்தான் கிடைக்கும். தோலை நறுக்கவே அரை நாள் போய்விடும். கார்ன்வாலில் 'இடியும் மின்னலும்' என்ற பெயரில் ஒன்று உண்டு: ஈஸ்ட் போட்ட மென்மையான பன்னில் க்ளாட்டட் க்ரீம் வைத்து, மேலே கருப்பு ட்ரீக்கிள் பாகையோ கோல்டன் சிரப்பையோ ஓடவிடுவது. ஸ்கோனிலும் செய்யலாம், குழந்தைகள் கொண்டாடுவார்கள். புளிப்பு இல்லாததால் எனக்கு ஒன்றுக்கு மேல் முடியாது. தேனும் அப்படியே.

## ஒரு பார்வையில்

| | ஜாம் | லெமன் கர்ட் | க்ளாட்டட் க்ரீம் |
|---|---|---|---|
| புளிப்பு | நடுத்தரம். ராஸ்பெர்ரியில் கூடுதல் | மிகுதி | இல்லை |
| ஸ்கோன் மேல் நிற்பது | பதம் சரியானால் நிற்கும் | ஆறியபின் நிற்கும், சூட்டில் இளகும் | ஆறிய ஸ்கோனில் நிற்கும், சூட்டில் உருகும் |
| வீட்டில் செய்ய | ஒரு மணி நேரம், முந்தின இரவு ஊறல் | அரை மணி நேரம் | கிட்டத்தட்ட ஒரு முழு நாள் |
| ஆயுள் | ஒரு வருடம் | இரண்டு வாரம், ஃப்ரிட்ஜில் | திறந்தபின் மூன்று நாள் |
| முட்டை | இல்லை | உண்டு | இல்லை |
| என் முடிவு | பருவத்தில் செய்யுங்கள், மற்ற நாளில் வாங்குங்கள் | எப்போதும் வீட்டில் | கிடைக்கும் ஊரில் எப்போதும் கடையில் |

## யாருக்கு எது

சனிக்கிழமை ஆறு பேர் என்றால்: வியாழன் மாலை லெமன் கர்ட் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெள்ளிக்கிழமை நல்ல ராஸ்பெர்ரி ஜாம் ஒன்றும் க்ளாட்டட் க்ரீம் டப்பா ஒன்றும் வாங்குங்கள், சனிக்கிழமை அவர்கள் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஸ்கோனை ஓவனில் தள்ளுங்கள். க்ரீமை முன்கூட்டியே எடுத்து வெளியில் வைத்தால்தான் கத்தியில் வரும்.

ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருக்கிறார்கள், முட்டை ஆகாது என்றால் ஜாமும் க்ரீமும் மட்டும். கடை ஸ்கோனில் முட்டை இருக்கக்கூடும்; வீட்டில் சுடுவதற்கு அது இன்னொரு காரணம். பண்ணையிலிருந்து மூன்று கிலோ பழத்தோடு திரும்பியிருந்தால் யோசிக்காமல் ஜாம். இருவர் மட்டும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு என் ஓட்டு லெமன் கர்டுக்கு. மிஞ்சிய ஸ்கோனை அன்றே ஃப்ரீசரில் போட்டுவிட்டு அடுத்த வாரம் சூடாக்கிக்கொள்ளலாம், கர்டும் அதுவரை காத்திருக்கும்.

## எது முதலில்?

இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. டெவனில் க்ரீமை முதலில் தடவி அதன் மேல் ஜாம். கார்ன்வாலில் ஜாம் முதலில், மேலே க்ரீம். இது விளையாட்டு இல்லை, ஊர்ப் பற்று. 2018-ல் கார்ன்வாலில் உள்ள லான்ஹைட்ராக் மாளிகையின் அன்னையர் தின விளம்பரத்தில் க்ரீம் அடியிலும் ஜாம் மேலேயும் இருக்கும் படம் வந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போய், அவர்கள் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது.

என் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் சால்டாஷில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஐம்பது வருடமாக அவர் ஜாம் முதலில், அவர் கணவர் க்ரீம் முதலில். நான் பார்ப்பது ஸ்கோனின் சூட்டை. ஓவனிலிருந்து வந்த சூட்டோடு க்ரீமை நேராக வைத்தால் உருகி உள்ளே இறங்கிவிடும். அப்போது ஜாமை அடியில் வைப்பதுதான் சரி. ஆறிய ஸ்கோன் என்றால் க்ரீமை வெண்ணெய் போலத் தடவி, நடுவில் ஒரு கரண்டி ஜாம் வைக்கலாம். ஆனால் விருந்தாளிக்கு நாமே தடவிக் கொடுக்கக் கூடாது. ஸ்கோனைத் துணி போட்டு மூடிய கூடையில் சூடாக வைத்து, மூன்றையும் மூன்று கிண்ணத்தில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டியோடு மேசை நடுவில் வைத்துவிடுங்கள். ஜாம் கரண்டி க்ரீமில் போகாமல் இருக்க அந்தத் தனிக் கரண்டி முக்கியம். டீயை மட்டும் நீங்கள் ஊற்றுங்கள்.